ஓட்டக்காரர்களின் குதிகால் நாண் வலி: படிக்கட்டில் நின்று சரிசெய்யும் முறை

பெங்களூரு கப்பன் பார்க்கில் ஓடி முடித்து நிற்கும் நம்மூர்க்காரர்களிடம் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்தேன் அண்ணா, வலி சுத்தமா போயிடுச்சு. திரும்ப ஓடின மறுநாளே வந்துடுச்சு.” மாதக்கணக்கில் இப்படி அவதிப்படுகிறவர்களுக்காகத்தான் இந்தச் செய்முறை. ஓய்வெடுத்தால் வலி அடங்கும், ஆனால் கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாணின் (Achilles tendon) பலமும் சேர்ந்து குறையும். பிறகு பழைய தூரத்தையே ஓடினால் அது எப்படித் தாங்கும்? பாரத்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கினால்தான் நாண் தேறும். பொறுமையாகச் செய்தால் பெரும்பாலானோருக்கு இது சரியாகிவிடும்.

எந்த இடத்தில் வலி?

கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் நாணைக் கிள்ளிப் பிடித்து, குதிகால் எலும்பிலிருந்து மெதுவாக மேலே நகர்த்துங்கள். எலும்பில் ஒட்டும் இடத்துக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே சுருக்கென்று வலித்தால் அது நடுப்பகுதி வலி. ஒட்டும் இடத்திலேயே வலித்தால் அது வேறு வகை. இந்த வித்தியாசத்தைப் பொறுத்துப் பயிற்சியும் மாறும், எனவே அவசரப்படாமல் பாருங்கள். காலையில் படுக்கையிலிருந்து இறங்கியதும் கால் விறைத்துப்போய், சற்று நடந்தபின் இளகுவது இரண்டிலும் உண்டு.

சில நிலைமைகளில் வீட்டு வைத்தியம் கூடாது. ‘பட்’டென்று சத்தம் கேட்டு, யாரோ பின்னாலிருந்து உதைத்தது போலிருந்து, நுனிக்காலில் எழும்பவே முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் நாணைப் பாதிக்கக்கூடியவை. அண்மையில் சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வலி அதிகமாக இருக்கும் நாட்களில்

மேடு ஏறி ஓடுவதையும் வேக ஓட்டத்தையும் நிறுத்துங்கள். சமதரையில் மெதுவாக ஓடும்போது வலி லேசாகத்தான் இருக்கிறது என்றால், ஓட்டத்தை அறவே நிறுத்தத் தேவையில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி, 45 விநாடி அப்படியே நில்லுங்கள். இடையில் ஓரிரு நிமிடம் விட்டு 5 முறை செய்யுங்கள். ஒட்டும் இடத்தில் வலி உள்ளவர்கள் ஷூவுக்குள் குதிகாலைச் சற்று உயர்த்தும் திண்டு (heel lift) வைத்துக்கொண்டால் நல்ல சுகம் தெரியும். ஆடுசதையை இழுத்து நீட்டும் பயிற்சி அவர்களுக்கு வேண்டவே வேண்டாம். அது நாணை எலும்போடு சேர்த்து அழுத்தும்.

படிக்கட்டுப் பயிற்சி

1998-இல் ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப்ரெட்சனும் அவருடைய குழுவினரும், படியில் நின்று குதிகாலை மெல்ல இறக்கும் இந்தப் பயிற்சியை நாள்பட்ட வலி இருந்த ஓட்டக்காரர்களிடம் சோதித்தார்கள். முழங்காலை நீட்டியபடி 15 முறை வீதம் 3 சுற்று, லேசாக மடக்கியபடி 15 முறை வீதம் 3 சுற்று. இதைக் காலையும் மாலையும், 12 வாரம் செய்ய வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 180. ஆரம்பத்திலேயே அத்தனையும் முடியாது. முடிந்ததில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போங்கள்.

ஷூ போட்டுக்கொள்ளுங்கள். அபார்ட்மென்ட் மாடிப்படியின் கிரானைட் விளிம்பு சாக்ஸுக்கு வழுக்கும். பாதத்தின் முன்பகுதி மட்டும் படியின் விளிம்பில் இருக்கட்டும், குதிகால் வெளியே நிற்கட்டும். கைப்பிடியை விரல்நுனியால் தொட்டுக்கொண்டால் போதும். இரண்டு காலாலும் நுனிக்கு எழும்புங்கள். நல்ல காலைத் தூக்கிவிட்டு, வலிக்கிற காலில் மட்டும் நின்று, மூன்று எண்ணும் வரை குதிகாலை மெல்ல இறக்குங்கள். குதிகால் படி மட்டத்துக்குக் கீழே போக வேண்டும். மேலே வருவதற்கு மறுபடியும் நல்ல காலை ஊன்றுங்கள். பலரும் கடைசி இரண்டு அங்குலத்தைத் தொப்பென்று விட்டுவிடுகிறார்கள். பயிற்சியின் பலனே அந்த மெதுவான இறக்கத்தில்தான் இருக்கிறது. முழங்காலை மடக்கிச் செய்வது கெண்டைக்காலின் அடி அடுக்கில் இருக்கும் சோலியஸ் தசைக்கு. ஓட்டத்தின் பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பது அது, அதனால் அந்தச் சுற்றைத் தவிர்க்காதீர்கள்.

ஒட்டும் இடத்தில் வலி உள்ளவர்கள் படியை விட்டுவிட்டுச் சமதரையிலேயே செய்யுங்கள், குதிகால் தரையைத் தொடுவதோடு நிறுத்துங்கள்.

வலியில்லாமல் செய்ய முடிந்தால் முதுகுப்பையில் 5 கிலோ அரிசிப் பையை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எடையைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

விடிந்ததும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ் பிடிக்கிறவர்களுக்குத் தினமும் இருவேளை என்பது நடக்காத காரியம். அவர்களுக்கு வாரம் 3 நாள், ஜிம்மில் கனமான எடையோடு மெதுவாகக் குதிகாலைத் தூக்கி இறக்கும் முறை இருக்கிறது. 2015-இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில் இரண்டு முறைகளும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. என்னைக் கேட்டால், விடாமல் செய்ய முடிகிற முறை எதுவோ அதுவே உங்களுக்குச் சரி.

எவ்வளவு வலி சரி?

பயிற்சியின்போது வலி 10-க்கு 5 வரை இருக்கலாம். மறுநாள் காலை அது வழக்கமான அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். காலை விறைப்பு நேற்றையதைவிடக் கூடியிருந்தால் எடையையோ எண்ணிக்கையையோ குறையுங்கள். அதற்காகப் பயிற்சியையே விட்டுவிட வேண்டாம்.

மீண்டும் ஓட்டம்

அரை மணி நேரம் வேகமாக நடந்தும் மறுநாள் கால் சாதாரணமாக இருந்தால் ஆரம்பிக்கலாம். அல்சூர் ஏரியோரம் போன்ற சமதரையாகப் பாருங்கள். பெயர்ந்து கிடக்கும் நடைபாதைக் கற்களில் வேண்டாம். 1 நிமிடம் மெது ஓட்டம், 2 நிமிடம் நடை என்று 20 நிமிடம் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள்தான், ஏனென்றால் பாரம் ஏறிய நாண் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள ஒரு நாளாவது வேண்டும். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், அப்புறம் வேகம், மேடு கடைசியில். லால்பாக் பாறை மேல் ஓடும் ஆசையை அதுவரை ஒத்திவையுங்கள்.

முழுதாகத் தேற 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். வலி போன பிறகும் படிக்கட்டுப் பயிற்சியை வாரம் இரண்டு நாள் தொடருங்கள். 12 வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லையென்றால், ஓட்டக்காரர்களைப் பார்த்துப் பழகிய பிசியோவிடம் போங்கள். நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி என்று யாராவது சொன்னால், அது நாணைப் பலவீனப்படுத்துமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.