கொப்பளத்தின் மேல் பட்டி போடலாமா? பழைய காரின் துரு வேலையில் நடக்கும் தவறுகள்

களியக்காவிளை, குளச்சல் பக்கம் ஓடும் காருக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு, உப்புக்காற்றும் உண்டு. 15 வருடம் கழிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதுதான் பலர் துருவையே கவனிக்கிறார்கள். அவசரத்தில் துருவால் பெயின்ட் பொங்கி எழும் கொப்பளத்தைச் சுரண்டி, பட்டி (பள்ளத்தை நிரப்பிச் சமமாக்கும் பசை) பூசி, பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடி பொங்கும்.

பின்சக்கர வளைவிலும் கதவின் அடிமடிப்பிலும் துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் தகட்டைத் தின்றுகொண்டு வருகிறது. வெளியே தெரிவது அதன் கடைசிக் கட்டம். அதனால் முதலில் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்ளே போனாலோ, தேய்த்தபின் ஊசித்துளைகள் தெரிந்தாலோ, அந்தத் துண்டு போய்விட்டது என்று அர்த்தம். காந்தம் ஒட்டாத இடத்தில் பழைய பட்டி கனமாக இருக்கிறது. இப்படிப்பட்ட தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஃபைபர் துணியும் பட்டியும் ஓட்டையை மறைக்கும். பின்பக்கத் துருவை நிறுத்தாது.

வெல்டிங்கை ஒரே இழுப்பாக இழுத்தால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். ஒரு பொட்டு இங்கே, அடுத்தது தள்ளி, நடுவில் ஆறவிட்டு வைக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றாமல் தொடங்கவே கூடாது. பின் மட்கார்டு வேலை என்றால் பெட்ரோல் ஊற்றும் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, கழற்றி அப்புறப்படுத்துங்கள். இதில் சமரசமே வேண்டாம்.

துளை விழாத மேல்துரு என்றால் வேலை எளிது. 80 நம்பர் எமரி பேப்பரில் தொடங்கி இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, சுற்றியுள்ள பெயின்ட் விளிம்பை 180, 320 என்று சரிவாக்குங்கள். குழிகளில் தங்கும் கருந்துருவுக்குப் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துருநீக்கி போடலாம். ஆனால் அதைக் கழுவி நன்றாகக் காயவைக்காமல் எபாக்சி பிரைமர் (ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்தால் பிரைமர் பிடிக்காது.

நம் ஈரக்காற்றில் தேய்த்த இரும்பை இரவு முழுக்க வெறுமையாக விடுவது பெரிய தவறு. காலையில் செம்பழுப்புப் படலம் வந்திருக்கும். தேய்த்த அன்றே, தின்னர் துணியால் துடைத்துவிட்டு, எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். சாதாரண பிரைமர் நீரை உறிஞ்சும். அதை மட்டும் அடித்துவிட்டு மழையில் வண்டி ஓட்டக்கூடாது.

பட்டி 100 கிராமுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் சுமார் 2 கிராம் கலக்க வேண்டும். கூடினால் பெயின்டுக்கு மேல் கறை எழும்பும், குறைந்தால் பிசுபிசுப்பு போகாது. கனம் 3 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். அது குடிக்கும் ஈரம் அப்படியே பெயின்டுக்கு அடியில் தங்கிவிடும். பட்டியை உலர்ந்த பேப்பரிலேயே தேய்த்து முடித்து, அதன் மேல் பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் வாட்டர் பேப்பர்.

வெளிப்பக்கம் பளபளத்ததும் வண்டியை எடுத்துப் போய்விடுவதுதான் கடைசித் தவறு. வெல்டிங் சூட்டில் பின்பக்கப் பூச்சு கருகியிருக்கும். அங்கே நீண்ட குழாய் முனையால் மெழுகுப்பூச்சு அடிக்க வேண்டும். கதவின் அடியில் உள்ள வடிதுளைகளைப் பட்டியோ மெழுகோ அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். ரப்பர் தோட்டத்து ஓரம் நிறுத்துகிறவர்கள், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலை உதிரும்போது, முன்கண்ணாடிக்குக் கீழுள்ள வடிகாலையும் வாரம் ஒருமுறை வாரிவிட வேண்டும்.