கையிருப்புக் கணக்கும் கொள்கைக் குறிப்பும்: என் அனுபவம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பித்தளைச் சாமான் விற்கும் ஒரு செண்டிரியான் பெர்ஹாட்டுக்கு (தனியார் நிறுவனத்துக்கு) நான் கணக்கு பார்க்கிறேன். ஆண்டறிக்கையில் கணக்கிடும் முறைகளைச் சொல்லும் கொள்கைக் குறிப்பில், விற்காமல் இருக்கும் சரக்கை மதிப்பிடுவது 'முதலில் வந்தது முதலில் போகும்' முறை என்று இருந்தது. கடை மென்பொருளோ வருடக்கணக்காகச் சராசரி விலையில் கணக்கிட்டு வந்தது. தணிக்கையாளர் அதைப் பிடித்துவிட்டார்.

ஒரே குத்துவிளக்கை எடுத்துப் பார்த்தேன். 180 ரிங்கிட்டுக்கு 10, அப்புறம் 220க்கு 10 வாங்கி, 12 விற்றாயிற்று. மிச்சம் 8. குறிப்பில் சொன்னபடி போட்டால் 1,760 ரிங்கிட், சராசரியில் 1,600. ஒரு விளக்கிலேயே இவ்வளவு!

“குறிப்புக்கு ஏற்ற மாதிரி கணக்கை மாத்திடலாமா தம்பி?” என்றார் முதலாளி. “வேண்டாம்ணே” என்றேன். 2016இல் நடைமுறைக்கு வந்த எம்பெர்ஸ் என்ற, மலேசியத் தனியார் நிறுவனங்களுக்கான கணக்கியல் தரத்தில் இரண்டு முறைக்கும் இடமுண்டு. கணக்கிடும் முறையை மாற்றினால் முந்தைய ஆண்டு எண்களையும் திருத்திக் காட்ட வேண்டும். எண்கள் எல்லா ஆண்டும் சராசரியில்தான் இருந்தன, தவறு வாசகத்தில்தான். அதனால் குறிப்பைத் திருத்தினோம்.

நசுங்கிய விளக்குகள் தனி. அவற்றை விற்றால் கிடைக்கும் விலையில் விற்பனைச் செலவைக் கழித்தால் அடக்கவிலையைவிடக் குறைவு, சரி, அவற்றின் மதிப்பை அந்தத் தொகைக்கே இறக்கினோம்.

டிசம்பரில் ஆண்டு முடிவதால் ஜூன் 30க்குள் பங்குதாரர்களுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். அனுப்பிய 30 நாளுக்குள் நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் தாக்கல். இரண்டும் நேரத்துக்கு முடிந்தன.