பேக்டிராப் துணியில் சுருக்கம் எடுப்பது எப்படி, சாரல் காலத்திலும்

போட்டோ எடுக்க ஆளுக்குப் பின்னால் கட்டுகிற பேக்டிராப் துணி, புதுசாக வாங்கினால் வீட்டுக்கு எப்படி வந்து சேரும் என்று எல்லோருக்கும் தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடித் துணியை மடித்து மடித்து ஒரு கவருக்குள் அமுக்கி, அதன்மேல் இன்னும் நாலு பார்சலை ஏற்றி அனுப்பியிருப்பார்கள். பிரித்துத் தொங்கவிட்டால் குறுக்கும் நெடுக்கும் கட்டம் கட்டமாகக் கோடு. உடனே கை இஸ்திரிப் பெட்டியைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். பெட்டி கடைசியில் எடுக்க வேண்டிய பொருள். முதலில் அது என்ன துணி என்று தெரிய வேண்டும், ஏனென்றால் பருத்தியில் நெய்த மஸ்லினுக்குச் செய்கிற வைத்தியத்தைப் பாலியஸ்டருக்குச் செய்தால் துணியே போய்விடும்.

கடைக்காரர் சொல்வதையோ கவரில் அச்சடித்திருப்பதையோ நம்பிக்கொண்டிருக்காமல் ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, வெளியே வைத்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் தொட்டதும் உதிரும். பாலியஸ்டர் என்றால் நூல் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாகக் கெட்டியான ஒரு குண்டு நிற்கும், நகத்தால் நசுக்கினாலும் நசுங்காது. இரண்டும் கலந்து வந்தால் அது கலப்புத் துணி, அதைப் பாலியஸ்டராகவே நினைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு வேண்டாம் என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டும் பார்க்கலாம். ஆனால் புதுத் துணியில் கஞ்சிப் பசை இருந்தால் பருத்திகூடத் தண்ணீரைச் சட்டென்று இழுக்காது, அதனால் எனக்கு நூல் சோதனைதான் பிடிக்கும்.

விஷயம் இதுதான். பருத்தி காற்றிலிருக்கிற ஈரத்தையே தன் எடையில் ஏழெட்டு சதவீதம் குடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட எடுக்காது. பருத்தியில் சுருக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிற பிணைப்புகள் தண்ணீர் பட்டால் விட்டுவிடும், காயும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். எந்த நிலையில் காய்கிறதோ அந்த நிலையிலேயே நின்றுவிடும் என்பதால், இழுத்துக் கட்டிக் காயவைத்தால் நேராக நிற்கும். பாலியஸ்டருக்குத் தண்ணீரால் பிரயோஜனம் இல்லை, அதற்குச் சூடுதான் வேண்டும். எழுபது எண்பது டிகிரி தாண்டினாலே அந்த இழை இளக ஆரம்பிக்கும், இருநூற்று ஐம்பதை ஒட்டி உருகிவிடும். ஆவி நூறு டிகிரி. அதனால்தான் பாலியஸ்டருக்கு ஸ்டீமர் அவ்வளவு பொருத்தம்.

மஸ்லினிலிருந்து ஆரம்பிக்கலாம், ஸ்டுடியோக்களில் அதிகம் இருப்பது அதுதான். ஸ்டாண்டில் மாட்டி, மேல் விளிம்பைப் பைப்பில் நன்றாக இழுத்து, ஓர் அடிக்கு ஒரு கிளிப் போடுங்கள். துணி காயப்போடுகிற கிளிப் வேண்டாம், வழுக்கிவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற ஸ்பிரிங் கிளாம்ப் நல்லது. கீழ் விளிம்புக்கு டெய்லரிடம் கொடுத்து ஒரு பட்டை தைத்து வாங்கி, அதற்குள் ஒரு இஞ்ச் பிவிசி பைப்பைச் சொருகிவிட்டால் எடை சமமாக இழுக்கும். கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் கட்டிய இடத்தில் மட்டும் இழுத்து, நடுவில் ஊஞ்சல் மாதிரித் தொய்ந்து, இல்லாத சுருக்கத்தையும் கொண்டுவரும். பக்கவாட்டிலும் ஸ்டாண்டோடு சேர்த்துக் கிளாம்ப் போடுங்கள், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் செடிக்கு அடிக்கிற ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மடிப்புக் கோடு இருக்கிற இடத்தில் கொஞ்சம் அதிகமாகவும் மற்ற இடத்தில் பனி படிகிற அளவுக்கும் அடியுங்கள். சொட்டக் கூடாது. உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி, ஃபேனைப் போட்டுவிட்டுப் போய்விடலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் துணிக் கண்டிஷனர் கலந்தால் இழை இன்னும் இளகிக் கொடுக்கும். சாயம் போட்ட மஸ்லினோ கையால் வரைந்ததோ என்றால், தண்ணீரே ஆகாமல் இருக்கலாம், கீழ் மூலையில் பின்பக்கமாக ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அடித்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். நிறம் ஒட்டினால் ஸ்பிரே பாட்டிலை மூடிவிட்டு, பின்பக்கமிருந்து ஆவி மட்டும்.

செங்கோட்டை, புளியரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடி வந்தால் இதே வேலை தலைகீழாகிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்றும் சாரலும் சேர்ந்து வீட்டுக்குள் காயப்போட்ட வேட்டியே ரெண்டு நாள் நசநசவென்று கிடக்கும்போது, பன்னிரண்டடி மஸ்லின் எப்போது காய்வது? அப்படிப்பட்ட நாளில் தண்ணீர் அடிக்கவே தேவையில்லை. முந்தின நாள் சாயங்காலமே இழுத்து மாட்டிவிட்டால் காற்றில் இருக்கிற ஈரமே போதும், துணி தன் எடையிலேயே ராத்திரியோடு ராத்திரியாக முக்கால்வாசி இறங்கிவிடும். காலையில் அந்த ஈரத்தை வெளியேற்றுவதுதான் பாக்கி, ஜன்னலைச் சாத்தி ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். மாடியில் காயப்போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், ஆடிக் காற்றுக்கு அந்த அளவு துணி ஸ்டாண்டோடு பக்கத்து வீட்டு ஓட்டில் போய் உட்காரும்.

ஸ்டீமரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம், ஏனென்றால் வாங்குகிறவர்கள் பாதிப் பேர் ஒரு மாதத்தில் மூலையில் போட்டுவிடுகிறார்கள். கையடக்க ஸ்டீமரில் கால் லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும், ஒரு பெரிய பேக்டிராப்புக்கு நடுவில் இரண்டு மூன்று தடவை நிரப்ப வேண்டியிருக்கும். அடிக்கடி வேலை இருந்தால் கீழே தொட்டியும் நீளக் குழாயும் உள்ள நிற்கும் மாடல்தான் சரி. மேலிருந்து கீழாகப் போங்கள். இடது கையால் துணியின் அடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வலது கையில் ஸ்டீமரைத் துணியை ஒட்டியும் ஒட்டாமலும் மெதுவாக இறக்க வேண்டும். அவசரப்பட்டு வெள்ளையடிக்கிற மாதிரி மேலும் கீழும் ஆட்டினால் ஆவிதான் வீண். பாலியஸ்டரில் ஒரு முக்கியமான விஷயம்: ஆவி போன இடம் ஆறும் வரைக்கும் இழுவையை விடக் கூடாது. சூட்டில் இளகியது ஆறும்போதுதான் இறுகும், அந்த நேரத்தில் தொய்ந்தால் தொய்ந்த மாதிரியே நிற்கும். பின்பக்கமிருந்து ஆவி கொடுப்பது எல்லாத் துணிக்கும் பாதுகாப்பு, தண்ணீர் துப்பினாலும் முன்பக்கத்தில் அவ்வளவாகக் கறை தெரியாது.

துப்பும், அது நிச்சயம். ஸ்டீமர் நன்றாகச் சூடாவதற்கு முன் பட்டனை அழுத்தினால் ஆவிக்குப் பதில் வெந்நீர் வரும். முதல் அரை நிமிட ஆவியைத் தரையைப் பார்த்து விடுங்கள். போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்பு உள்ளே படிந்து ஓட்டையை அடைப்பதோடு, கறுப்புத் துணியில் வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும், அந்தப் புள்ளி படத்தில் நட்சத்திரம் மாதிரி தெரியும். ஆர்ஓ தண்ணீர் போதும். நம் ஊரில் சாரல் சீசனில் மழைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பிடித்து வைத்துக்கொண்டால் அதைவிட நல்லது இல்லை. மண்டபத்தில் வேலை என்றால் இன்னொன்று, ஆயிரத்து ஐந்நூறு வாட் ஸ்டீமரும் உங்கள் லைட்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம். சமையல்கட்டு கிரைண்டர் ஓடுகிற லைனிலும் வேண்டாம்.

இனி பெட்டி. துணியில் தைத்திருக்கிற லேபிளில் பெட்டிப் படத்துக்குள் புள்ளி இருக்கும்: ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி வரை, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. பாலியஸ்டருக்கு ஒரு புள்ளிச் சூடு, மேலே ஈரமான பழைய வேட்டி, பெட்டி எங்கேயும் நிற்கக் கூடாது. நின்றால் அந்த இடம் பளபளவென்று ஆகி, லைட் பட்டதும் பெட்டி வடிவத்திலேயே மின்னும், அதை எந்த வைத்தியத்தாலும் எடுக்க முடியாது. மஸ்லினுக்கு மூன்று புள்ளி வரை போகலாம். மேஜையில் வைத்துத் தேய்த்தால் தேய்த்த பாகம் கீழே விழுந்து மறுபடி கசங்கும், அதனால் தரையில் இரண்டு கம்பளியை விரித்து அதன்மேல் தேய்த்து, தேய்த்த பக்கத்தைக் கையோடு குழாயில் சுற்றிக்கொண்டே போங்கள். தெருமுனை இஸ்திரிக் கடையில் கொடுக்கலாமா என்றால், மஸ்லினைக் கொடுக்கலாம். “அண்ணாச்சி, மடிக்காதீங்க, இந்தக் குழாய்ல சுத்திக் குடுங்க” என்று குழாயையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும், “இம்புட்டுப் பெரிய போர்வையா தம்பி?” என்று கேட்டுவிட்டு அழகாகச் சுற்றித் தருவார். பாலியஸ்டரைக் கரிப் பெட்டிக்குக் கொடுக்காதீர்கள். அதில் சூட்டைக் குறைத்து வைக்க வழி கிடையாது, ஒரு கரிப்பொறி விழுந்தால் ஓட்டை.

வெல்வெட்டின் மேல் பெட்டி படவே கூடாது, ரோமம் படுத்துவிடும். பின்பக்கம் ஆவி, முன்பக்கம் மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தடவல், அவ்வளவுதான். பச்சைத் துணி வைத்துப் பின்னணி மாற்றுகிறவர்கள் சுருக்கத்தில் கறாராக இருக்க வேண்டும், ஒவ்வொரு சுருக்கத்தின் நிழலும் வேறொரு பச்சை, சாஃப்ட்வேர் அங்கேயெல்லாம் ஓட்டை போடும்.

இவ்வளவுக்கும் நேரம் இல்லாமல் போவதுதான் வழக்கம். மண்டபத்தில் சடங்கு ஒன்பதுக்கு, நீங்கள் போய்ச் சேர்ந்ததே எட்டரைக்கு. அப்போது துணியை விட்டுவிட்டு லைட்டைக் கவனியுங்கள். பக்கத்திலிருந்து துணியை உரசிக்கொண்டு போகிற வெளிச்சம்தான் சுருக்கத்தை எழுப்பிக் காட்டும், ஜன்னலோரம் பேக்டிராப் கட்டினால் நடப்பது அதுதான். துணிக்கு இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில், ஒரே அளவில், நாற்பத்தைந்து டிகிரியில் லைட் வைத்தால் ஒன்றின் நிழலை மற்றது அழிக்கும். ஆளை ஆறடியாவது முன்னால் நிறுத்தி, தனி ஆள் படம் என்றால் லென்ஸின் துளையை எஃப் 2.8க்குத் திறந்து எடுங்கள், சின்னச் சுருக்கம் கரைந்துவிடும். குரூப் படத்தில் அப்படித் திறக்க முடியாது, எல்லா முகமும் ஷார்ப்பாக வேண்டும், அதனால் அங்கே தூரம் மட்டும்தான் கை கொடுக்கும். ஓணம் ஷூட்டுக்குப் புனலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் கசவுப் புடவை கட்டிக்கொண்டு வெள்ளைப் பின்னணி கேட்பார்கள். வெள்ளையில் வெள்ளை, ஒரு கோடு இருந்தாலும் கண் அங்கேதான் போகும். பின்னணி லைட்டை ஆளுக்கு வைத்ததைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூட்டினால் துணியில் இருக்கிற கோடு வெளிச்சத்தில் காணாமல் போகும். ரொம்பக் கூட்டினால் புடவை ஓரமும் சேர்ந்து காணாமல் போகும், பார்த்துக்கொள்ளுங்கள். கழுதுருட்டிப் பதின்மூன்று கண் ரயில் பாலத்தையே பேக்டிராப்பாக வைத்துக்கொள்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

போர்ட்ரெய்ட் எடுக்கிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. மஸ்லினை நனைத்துப் பிழிந்து, கயிறு மாதிரி முறுக்கி, அங்கங்கே கட்டிப்போட்டு முழுக்கக் காயவைத்துப் பிரித்தால், கட்டக் கோடு போய்த் துணி முழுக்க ஒரே சீரான கசங்கல் வரும். கேமராவில் அது டிசைன் மாதிரித்தான் தெரியும். அதற்கப்புறம் அந்தத் துணியை மடிக்கவே வேண்டாம், பையில் அப்படியே திணித்துக்கொள்ளலாம்.

மற்றதையெல்லாம் சுற்றித்தான் வைக்க வேண்டும். பிளெக்ஸ் கடையில் ரோல் தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற அட்டைக் குழாயைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். நன்றாகக் காய்ந்த துணியை மட்டும் சுற்றுங்கள். சாரலில் லேசான ஈரத்தோடு சுற்றி வைத்தால் பத்து நாளில் பூஞ்சைப் புள்ளி. பத்தடிக் குழாயை கேரளா பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் முகம் சுளிப்பார். துணியை நீளவாக்கில் ஒரே ஒரு மடிப்பு மடித்து ஐந்தடிக் குழாயில் சுற்றிக்கொள்ளுங்கள், மடிக்கிற இடத்தில் உள்ளே ஒரு பழைய துண்டை வைத்தால் கோடு விழாது. பங்குனி வெயிலில் கார் டிக்கியில் பாலியஸ்டரை மடித்து வைத்துவிட்டுப் போனால் அந்தச் சூட்டிலேயே மடிப்பு இறுகிவிடும், அப்போது மட்டும் குழாய் சீட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டு இருந்தாலும் பரவாயில்லை என்று உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.