பி.ஏ. தத்துவம் சேர்ந்திருக்கிறீர்களா? இப்படிப் படியுங்கள்

நான் சேர்ந்தபோது வகுப்பில் ஒன்பது பேர். "சாமியாரா போகப் போறியா?" என்றார் பெரியப்பா. அதற்குப் பதில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

முதலில், கைடு வேண்டாம். முதல் இன்டர்னலில் கைடை மனப்பாடம் செய்து எழுதி இருபதுக்கு ஆறு வாங்கியவன் சொல்கிறேன். மூல நூலையே எடுங்கள். பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தின் 'தியானங்கள்' (1641) சின்னப் புத்தகம்தான், ஆறே பகுதிகள். முதல் பகுதியை மூன்று முறை படியுங்கள். முதல் தடவை சும்மா. அடுத்த தடவை ஓரத்தில் பென்சிலால் பத்திக்கு ஒரு வரி: 'புலன்கள் சிலசமயம் ஏமாற்றும்.' 'சரி, ஆனால் நான் தீயருகே உட்கார்ந்திருப்பதுமா பொய்?' 'கனவிலும் அப்படித்தானே தோன்றும்.' மூன்றாவது தடவை அந்த வரிகளை மட்டும் பாருங்கள். சிலசமயம் ஏமாற்றுவதை எப்போதுமே நம்பக்கூடாதா? வாதம் தாவுகிற அந்த இடத்தில்தான் உங்கள் கட்டுரை இருக்கிறது.

தர்க்கத் தாளைத் தள்ளிப்போடாதீர்கள். தினம் இரண்டு உண்மை அட்டவணை (ஒரு கூற்று எப்போது உண்மை, எப்போது பொய் என்று காட்டும் கட்டம்) போட்டால் போதும். இந்தியத் தர்க்கம் புரியாவிட்டால் மணிமேகலையின் 29ஆம் காதையைத் திறங்கள். மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல என்று பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) எல்லாம் தமிழிலேயே இருக்கிறது. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டில்தான் கண்ணில் பட்டது.

அப்புறம் வேலை. யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம், இரண்டு தாள், 500 மதிப்பெண். பெரியப்பாவிடம் இதைச் சொல்லிக்கொள்ளுங்கள்.