கடல்நீர்த் தொட்டியில் கல் அடுக்குவது எப்படி: மணலுக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை

என் நான்கடித் தொட்டியில் ஒரு நாள் இரவு கல் சரிந்தது. தண்ணீர் நிரப்பி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. காலையில் விளக்கைப் போட்டால், குகைக்குக் கூரையாக வைத்திருந்த கல் முன்கண்ணாடியில் சாய்ந்து நிற்கிறது. கண்ணாடி தப்பிவிட்டது. அடியில் வளையில் இருந்த கோபி மீன் தப்பவில்லை.

நான் முதலில் மணலைப் பரப்பி அதன் மேல் கல்லை வைத்திருந்தேன். காரணம் அதுதான். கோபியும் பிஸ்டல் இறாலும் ஒரே வளையில் குடியிருப்பவை. இறால் தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். தோண்டுவது அவற்றின் இயல்பு. கல்லைத் தாங்கிய மணல் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அப்புறம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து முதலிலிருந்து அடுக்கினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உப்பு கலப்பது, ஆர்ஓ தண்ணீர், ஸ்டாண்டு மட்டம் பார்ப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. கல் வாங்குவது

கடல்நீர்த் தொட்டியில் அடுக்கும் கல்லை லைவ் ராக், அதாவது உயிருள்ள கல், என்று சொன்னாலும் உயிர் கல்லுக்கு இல்லை, அதன் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்குத்தான். மேற்பரப்பில் இருப்பவை மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் இருப்பவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். தொட்டியின் பெரிய வடிகட்டி இந்தக் கல்தான். அதனால் உருவத்தைப் பார்ப்பதற்கு முன் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லை, அதாவது பவளக்கல்லை, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், செத்து வெளுத்துப் போனதாக இருந்தாலும் சரி. கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அங்கே பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். நம் வரவேற்பறை அழகுக்காக அந்தக் கடலில் இன்னும் ஒரு கல் குறையக் கூடாது.

நான் வாங்குவது செயற்கையாக வார்த்த காய்ந்த கல். பாக்டீரியாவைப் பாட்டிலில் வாங்கி ஊற்றினால் அது மெல்ல லைவ் ராக்காக மாறிவிடும். நண்பரின் பழைய தொட்டியிலிருந்து கையளவு கல் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் ஐப்டேசியா என்ற சின்னக் கடற்சாமந்தி அதில் ஒட்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒன்று உள்ளே வந்தால் பிறகு தொட்டி முழுக்க அதுதான்.

லிட்டருக்கு 120 முதல் 180 கிராம் கல் என்பது பழைய கணக்கு, கனமான கல்லுக்குச் சொன்னது. துளை நிறைந்த கல்லில் பாதி போதும். என் 240 லிட்டர் தொட்டியில் 18 கிலோதான் இருக்கிறது. கிலோ கணக்கில் சில்லறைக் கல்லாக அள்ளாமல் பெரிய கல்லாக நான்கைந்து எடுங்கள். வேண்டுமானால் உளியும் சுத்தியலும் வைத்து உடைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள்.

2. தரையில் ஒத்திகை

தொட்டியின் உள் அளவைத் தரையில் மாஸ்கிங் டேப்பால் கட்டமாக ஒட்டுங்கள். அந்தக் கட்டத்துக்குள் நான்கு பக்கமும் 8 முதல் 10 செ.மீ. தள்ளி இன்னொரு கட்டம். கல் உள்கட்டத்தைத் தாண்டக் கூடாது. கண்ணாடி தேய்க்கும் காந்தம் போகவும், பின்பக்கம் தண்ணீர் ஓடவும் இந்த இடைவெளி வேண்டும். உயரம் தொட்டியில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு.

இன்னொரு அளவும் இருக்கிறது, அதை நான் எடுக்காமல் விட்டுவிட்டேன். நான்கடித் தொட்டிக்கு மேலே ஓரங்களிலும் நடுவிலும் குறுக்குக் கண்ணாடிப் பட்டை ஒட்டியிருப்பார்கள். கல் உள்ளே போக வேண்டியது அந்த வாய் வழியாக. இரண்டு நாள் செலவழித்து ஒட்டிய வளைவு எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையவில்லை, உடைத்துத்தான் இறக்கினேன். வாயின் நீள அகலத்துக்கு ஒரு அட்டையில் ஓட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் அதற்குள் நுழைத்துப் பாருங்கள்.

சுவர் எழுப்புவதுபோல நீளத்துக்கும் அடுக்க வேண்டாம். இடப்பக்கம் பெரியதாக ஒன்று, வலப்பக்கம் சின்னதாக ஒன்று, நடுவில் வெறும் மணல். மீன் அந்த வெளியில்தான் நீந்தும், நம் கண்ணும் அங்கேதான் போய் நிற்கும்.

3. கல்லை நிற்க வைப்பது

இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். எங்கள் கிராமத்து வீட்டில் மூன்று கல் அடுப்பு இருந்தது. தரை மேடுபள்ளமாக இருந்தாலும் பானை ஆடாது. மூன்று புள்ளியில் உட்கார்ந்த எதுவும் ஆடாது, நான்கில் உட்கார்ந்தால் ஒன்று தூக்கிக்கொள்ளும். ஒவ்வொரு கல்லும் கீழே இருப்பதன் மேல் மூன்று இடத்தில் படுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடிக்கல்லைச் சிமெண்டுத் தரையில் தேய்த்தால் அடிப்பாகம் ஓரளவு தட்டையாகிவிடும்.

பசை இல்லாமலே நிற்கும்படி அடுக்குங்கள். பசை அதற்கு மேல் ஒரு காப்பு, அவ்வளவுதான். அடுக்கியதை ஒற்றை விரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். அசைந்தால் பிரித்து மறுபடி. நான் இப்படி ஆறு தடவை பிரித்தேன்.

4. ஒட்டுவது

சயனோஅக்ரிலேட் சூப்பர் க்ளூ, அதுவும் ஜெல் வகைதான் வாங்க வேண்டும். தண்ணீர் மாதிரி இருப்பது துளைக்குள் இறங்கிப் போய்விடும். கல் தொடும் இடத்தில் ஜெல்லைத் தடவி, அதே கல்லை உரசி எடுத்த பொடியையோ உலர்ந்த பவள மணலையோ மேலே தூவினால் சில நொடிகளில் இறுகிவிடும். மறுபடி ஜெல், மறுபடி பொடி. இரண்டு மூன்று அடுக்கில் சந்து நிரம்பிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்த ஆவி கண்ணை எரிக்கும்.

பாரம் தாங்கும் மூட்டுக்கு இது போதாது. கல் வெட்டும் ட்ரில் பிட்டால் இரண்டு கல்லிலும் துளையிட்டு, அக்ரிலிக் குச்சி செருகி, மீன் தொட்டிக்கென்றே விற்கும் எப்பாக்சி புட்டியால் (களிமண் மாதிரி பிசைந்து ஒட்டும் பசை) மூடுங்கள். பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டுவது எனக்குப் பிடிக்காது. காலப்போக்கில் தளர்ந்துவிடும், கண்ணுக்கும் தெரியும். ஒட்டி முடித்தபின் ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

5. உள்ளே இறக்குவது

தொட்டித் தரையில் விளக்குக்குப் போடும் பிளாஸ்டிக் கட்டச் சட்டத்தை வெட்டிப் போட்டு, கல்லை அதன் மேல் நேரடியாக இறக்குங்கள். கூரான முனை கண்ணாடியின் ஒரே புள்ளியில் பாரம் இறக்காமல் சட்டம் பார்த்துக்கொள்ளும். மணல் இதற்கு அப்புறம்தான், கல்லைச் சுற்றி. இனி எந்த மீன் எவ்வளவு தோண்டினாலும் கல் இறங்காது.

தண்ணீர் கடைசியில். 18 கிலோ கல் ஏறத்தாழ 7 லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறைந்த தொட்டியில் கல்லை இறக்கினால் அத்தனை உப்புத்தண்ணீரும் தரையில்.

வேவ் மேக்கரை (தொட்டிக்குள் தண்ணீரை ஓடவைக்கும் பம்பு) ஓடவிட்டு மீன் தீவனம் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். எங்கே போய்த் தங்குகிறதோ அங்கேதான் நாளைக்குக் கழிவும் தங்கும். எனக்குப் பின்மூலையில் தங்கியது. வேவ் மேக்கரை ஒரு கை அகலம் மேலே ஏற்றிப் பின்கண்ணாடிப் பக்கம் திருப்பினேன், சரியாகிவிட்டது.

அப்புறம் காத்திருப்பதுதான். கல்லில் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை மீன் வேண்டாம். நடுவில் கல் பழுப்பாகப் படிந்தால் பயப்படாதீர்கள், அது டயட்டம் என்ற நுண்பாசி, தானாகவே போய்விடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் எழுதியதால் சேர்க்கிறேன். ஒருவர் பருத்திக் கையுறை போட்டு ஒட்டியிருக்கிறார். சூப்பர் க்ளூ பருத்தியில் பட்டால் சட்டென்று சூடேறிப் புகையும். அவருக்கு விரலில் கொப்புளம். நைட்ரைல் கையுறைதான் போட வேண்டும், இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொருவருக்குத் தண்ணீருக்குள்ளேயே ஒரு கல்லை ஒட்ட வேண்டும். ஈரக்கல்லில் எப்பாக்சி மட்டும் பிடிக்காது. புட்டி உருண்டையின் இரண்டு பக்கமும் ஜெல் தடவி, நடுவில் வைத்து அழுத்தித் திருகி ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஸ்கிம்மரில் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) நுரை பொங்கி வழியலாம். அதன் கோப்பையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள்.