தேய்ந்த சப்பாத்தைப் படம் எடுப்பது எப்படி: தோட்டப்புறப் போட்டியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

புகைப்படப் போட்டிக்குக் ‘காலணி’ என்று தலைப்புக் கொடுத்தவுடன் பலரும் வீட்டில் இருப்பவற்றுள் புதிதான ஒரு ஜோடியைத் துடைத்து, மேசை விரிப்பின்மேல் வைத்துப் படம் எடுத்துவிடுகிறார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தொழில்முறை சாராதோருக்காக நடந்த ஒரு போட்டியில் படங்களை வகைபிரிக்க உதவியபோது, வந்தவற்றில் பெரும்பகுதி அப்படியே இருந்ததைக் கண்டேன். அவை தெளிவான படங்கள்தாம். ஆனால் கடைக் கண்ணாடிப் பெட்டியைப் பார்ப்பதுபோல் இருந்தன. நடுவர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்த்தவையோ, யாரோ ஒருவர் அணிந்து உழைத்துவிட்டுக் கழற்றி வைத்த காலணிகளின் படங்கள். ஆகவே, கேமராவைத் தொடுவதற்கு முன் எந்தக் காலணியை எடுப்பது என்பதை முடிவு செய்ய வேண்டும்.

இந்த வகையில் தோட்டப்புற ஊர்களில் வாழ்வோருக்குக் குறையே இல்லை. பால்மரம் வெட்டுவோர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுப்போர், அணியும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வார்ப்பாக, அடியில் குமிழ்களோடு, சேற்றில் வழுக்காமலும் கழுவினால் உடனே காய்ந்துவிடும்படியும் இருக்கும் இதை ஊரில் ‘அடிடாஸ் கம்போங்’ (கிராமத்து அடிடாஸ்) என்று செல்லமாக அழைப்பார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியும் முன்பே நிரைக்குள் (மர வரிசைக்குள்) இறங்குபவர்களின் சப்பாத்து அது. அதன்மேல் சொட்டிய பால் முதலில் வெண்மையாக இருந்து, காயக் காய மஞ்சளாகி, நாளடைவில் கறுத்துப் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுவோரின் முழங்கால் பூட்சுகளில் வேறு வகைத் தடங்கள் இருக்கும்: மட்டையின் முள் கீறிய கோடுகள், உதிரிப் பழத்தை மிதித்ததால் படிந்த ஆரஞ்சு நிற எண்ணெய்க் கறை, குதிகால்வரை காய்ந்த செம்மண். இவை ஒவ்வொன்றும் எந்த வேலை, எந்த மண், எத்தனை நாள் என்பதைச் சொல்லிவிடும்.

தோட்டத்துக்கு வெளியேயும் விஷயம் உண்டு. கோயில் வாசலில் திருவிழா நாளில் குவிந்து கிடக்கும் செருப்புகளை எல்லாரும் எடுப்பார்கள்; அந்தக் குவியலில் தனித்து ஓரமாக, ஒன்றோடொன்று ஒட்டி வைக்கப்பட்ட ஒரு முதியவரின் ஜோடியைத் தேடி எடுப்பவர் குறைவு. பள்ளிச் சப்பாத்தும் நல்ல பொருள். வெள்ளைக் கித்தான் சப்பாத்தைச் சனி ஞாயிறுகளில் கழுவி, வெள்ளை மை பூசி, வெயிலில் காய வைத்த தலைமுறை நாம். 2018இல் அறிவிக்கப்பட்ட மாற்றத்தைத் தொடர்ந்து மலேசியப் பள்ளிகள் கறுப்புச் சப்பாத்துக்கு மாறிவிட்டன. பழைய வெள்ளை ஜோடி ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், இன்றைய கறுப்பு ஜோடிக்கு அருகில் வைத்து எடுக்கலாம்.

தேர்ந்தெடுத்ததைக் கழுவாதீர்கள். என் தாயார் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவருடைய சப்பாத்தைப் படம் எடுக்கப் போகிறேன் என்று முதல் நாள் மாலை சொல்லிவிட்டேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், காய்ந்த பாலையெல்லாம் பொறுமையாக உரித்தெடுத்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, வாசல் படியில் காய வைத்திருந்தார். படம் எடுக்க வருவோருக்கு அழுக்கைக் காட்டக் கூடாது என்பது அவருடைய நியாயம். நான் ஏன் கேட்டேன் என்பதை முன்பே விளக்கியிருக்க வேண்டும். அதேபோல், இல்லாத சேற்றைப் பூசி வைப்பதும் தவறு. கைப்பட அப்பிய சேறு மேலே தடிப்பாகவும் மடிப்புகளில் வெறுமையாகவும் இருக்கும்; நடந்து ஏறிய சேறு மடிப்புகளுக்குள்தான் முதலில் தங்கும். தோட்டத்தில் வளர்ந்த நடுவர் இதை ஒரே பார்வையில் கண்டுகொள்வார்.

அடுத்தது வெளிச்சம். எனக்குத் தெரிந்து காலணிப் படங்களில் பாதிக்கு மேல் கெடுவது இங்கேதான். பூமத்தியரேகைக்கு அருகில், ஏறத்தாழ 5 பாகை வடக்கில் இருக்கும் நமக்கு நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கிறது. அந்நேரத்தில் எடுத்தால் சப்பாத்தின் மேற்பகுதி வெளுத்தும், உட்பகுதி கரிக்குழிபோல் இருண்டும் போகும். தோலின் சுருக்கமோ ரப்பரின் வெடிப்போ தெரியாது. தேய்மானத்தைக் காட்டுவது பக்கவாட்டு வெளிச்சம். வெளிச்சம் தாழ்ந்து பக்கத்திலிருந்து வரும்போது ஒவ்வொரு மடிப்பும் தன் நிழலைத் தானே போட்டுக்கொள்கிறது. இங்கே சூரியன் காலை 7 மணியை ஒட்டியே உதிப்பதால், 7.30 முதல் 9 மணிவரையும் மாலை 5.30க்குப் பிறகும் நல்ல நேரம். நிரைகளுக்குள் மரநிழல் அடர்த்தியாக இருக்கும். வெயில் ஆங்காங்கே திட்டுத் திட்டாக விழுந்து படத்தைக் குழப்பும் என்பதால், அங்கே மேகமூட்டமான நாளே உகந்தது. வீட்டுக்குள் எடுப்பதாயின் விளக்கை அணைத்துவிட்டு, திறந்த கதவின் ஒரு பக்கத்தில் சப்பாத்தை வைத்து, எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை மணிலா அட்டையை நிறுத்துங்கள். இருண்ட பக்கம் சற்றே தெளியும். கைப்பேசியின் பிளாஷைப் பயன்படுத்த வேண்டாம். அது எல்லாச் சுருக்கங்களையும் தட்டையாக்கிவிடும்.

வெளிச்சத்தை அளக்கும்போது கேமரா ஏமாறும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே அது அளக்கிறது. ஆகையால் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து படச் சட்டத்தை நிறைத்தால், அதைச் சாம்பலாக வெளுக்க வைத்துவிடும். வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து நிறைத்தால் அதை மங்கலாக்கிவிடும். கேமராவில் வெளிச்சத் திருத்தத்தைக் கறுப்புக்கு ஒரு படி குறைத்தும், வெள்ளைக்கு ஒரு படி கூட்டியும் தொடங்கிப் பாருங்கள். கைப்பேசியில் சப்பாத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிய பின், அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலோ கீழோ இழுத்தால் இதே வேலை நடக்கும்.

கோணத்தைப் பொறுத்தவரை, நின்ற வாக்கில் மேலிருந்து எடுப்பது நாம் தினமும் பார்க்கும் பார்வை. அதில் புதுமை தோன்றுவது கடினம். தரைமட்டத்துக்கு இறங்குங்கள். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் மண்ணுக்கு மிக அருகில் வந்துவிடும், சப்பாத்தும் ஒரு கட்டடம்போல் உயர்ந்து நிற்கும். ஆனால் அதற்காகக் கைப்பேசியைச் சப்பாத்தை ஒட்டிக் கொண்டுபோக வேண்டாம். கைப்பேசியின் அகலக் கோண லென்ஸ் மிக அருகில் இருக்கும் பொருளைப் பெருக்கிக் காட்டுவதால், முன்முனை பூசணிக்காயாக வீங்கி, குதிகால் சிறுத்துவிடும். ஒரு மீட்டர் அளவு தள்ளி உட்கார்ந்து, கைப்பேசியில் இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். லென்ஸ் மாற்றும் கேமரா வைத்திருப்போர் லென்ஸ் துவாரத்தை எஃப் 8 அளவில் வைத்துத் தொடங்கினால் முன்முனை முதல் குதிகால்வரை ஓரளவு தெளிவாகக் கிடைக்கும். ஒன்றை மட்டுமே கூர்மையாகக் காட்ட முடியும் என்றால், எது தேய்ந்திருக்கிறதோ அதைக் காட்டுங்கள்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் 1936இல் அலபாமா மாநிலத்தில் ஒரு குத்தகை விவசாயியின் வேலைச் சப்பாத்தை வெறும் மண்தரையில் வைத்து எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. அதில் ஆள் இல்லை, வீடு இல்லை, அலங்காரம் ஏதுமில்லை. பின்னணியைத் தேர்ந்தெடுக்கும்போது அதை நினைவில் கொள்ளுங்கள். லயத்து வீட்டின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) சிமெண்டுப் படியோ, மழையில் நனைந்த மண்தரையோ போதும்; பிளாஸ்டிக் வாளியையும் குழாயையும் மட்டும் சட்டத்துக்கு வெளியே நகர்த்திவிடுங்கள்.

அனுமதி கேட்பதை ஒரு சடங்காக நினைக்க வேண்டாம். தோட்டம் தனியார் நிலம் என்பதால் நிர்வாக அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். சப்பாத்துக்கு உரியவரிடமும் கேட்க வேண்டும். இன்று தோட்டங்களில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களே பெருமளவில் வேலை செய்கிறார்கள். மொழி தெரியாத இடத்தில் தங்கள் பொருளை ஒருவர் படம் எடுப்பதைக் கண்டு அவர்கள் அஞ்சக்கூடும். எடுத்த படத்தை அங்கேயே அவர்களுக்குக் காட்டி, வேண்டாம் என்றால் அவர்கள் முன்னிலையில் அழித்துவிடுவதே முறை.

திருத்தத்தில் சாய்வை நேராக்குவதும், சிறிதளவு வெட்டுவதும், வெளிச்சத்தைச் சரிசெய்வதும் போதுமானவை. செம்மண்ணின் நிறத்தைக் கூட்டினால் கறை சாயம்போல் தெரியும். காட்சிக்கு ஏ3 அளவில் அச்சிடுவதாக விதிமுறையில் இருந்தால், வெட்டுவதில் கூடுதல் கவனம் வேண்டும். 12 மெகாபிக்சல் கைப்பேசியின் முழுப் படம் ஏறத்தாழ 4000க்கு 3000 புள்ளிகள் கொண்டது. அது ஏ3 தாளில் அங்குலத்துக்கு 240 புள்ளிகள் அளவில் நன்றாகவே வரும். பாதியாக வெட்டிவிட்டால் அந்த அளவுக்குத் தாங்காது.

பலரும் இறுதியில் சறுக்குவது அனுப்பும்போதுதான். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள். தலைப்பு எழுதும் இடத்தில் கவிதை வேண்டாம். யாருடைய வேலைக்கான சப்பாத்து, எந்த இடத்தில் எடுத்தது, எந்த மாதம் என்பதை ஒரே வரியில், வீட்டில் அதை எப்படி அழைக்கிறார்களோ அந்தப் பெயரோடு எழுதுங்கள். திருத்தாத மூலக் கோப்பை முடிவு அறிவிக்கப்படும்வரை அழிக்காமல் வைத்திருங்கள். பரிசுக்குரிய படங்களுக்கு அதைக் கேட்பது வழக்கம்.