சிறிய கிளினிக்கில் அவசரகாலப் பயிற்சி: டாக்டர் வரும்வரை உள்ள பத்து நிமிடங்களுக்குத் தயாராவது எப்படி?

ஒரு டாக்டர், இரண்டு சிஸ்டர், டோக்கன் போடும் பெண், ஒரு ஆயாம்மா. கொங்குப் பக்கத்துச் சிற்றூர்களில் இப்படிப்பட்ட கிளினிக்குகள் நிறைய. டாக்டர் காலையும் மாலையும் உட்காருவார். நடுப்பகலில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் ஓடி வந்தால், அவர்களை முதலில் பார்ப்பவர் டோக்கன் போடும் பெண்தான். அதனால் பயிற்சியை அவரிடமிருந்து தொடங்குங்கள். டாக்டரை நம்பியே போட்ட திட்டம், அவர் இல்லாத நேரத்தில் கைகொடுக்காது.

படி 1: உங்கள் வாசலுக்கு என்ன வரும்?

கோபி, பவானி வாய்க்கால் பாசனப் பக்கம் என்றால், ராத்திரி மோட்டார் போடப் போனவருக்குப் பாம்புக்கடி. சோமனூர், பல்லடம் பக்கம் தறியில் கை சிக்கியவர், கரண்ட் அடித்தவர். பொள்ளாச்சியில் தென்னையிலிருந்து விழுந்தவர். பூச்சிமருந்து குடித்தவர் எந்த ஊரிலும் வரலாம். சேலம்–கொச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் பலர் வருவதற்கும் தயாராக இருக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் அவிநாசி அருகே கேரள அரசுப் பேருந்தும் கண்டெய்னர் லாரியும் மோதி 19 பேர் இறந்தது அந்தச் சாலையில்தான்.

இவற்றோடு கிளினிக்குக்குள்ளேயே நடப்பவை: ஊசி போட்டதும் வரும் கடும் ஒவ்வாமை, மாரடைப்பு, தீ. பழைய ரிஜிஸ்டரைப் புரட்டுங்கள். ஆயாம்மாவைக் கேளுங்கள், அவருக்கு நிறைய ஞாபகம் இருக்கும். அதிலிருந்து நான்கை மட்டும் எடுங்கள். பத்தை எடுத்தால் ஒன்றுமே மனதில் நிற்காது.

படி 2: ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்

நோயைப் பற்றிய பாடம் வேண்டாம். யார் என்ன செய்வது என்பதை மட்டும் எழுதுங்கள். பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம்.

டோக்கன் போடுபவர்: 108-ஐ அழைப்பார், பிறகு டாக்டரை. 108-இல் முதலில் கேட்பது இடத்தைத்தான். தோட்டத்துச் சாலைகளுக்கு நடுவே இருக்கும் கிளினிக்கை வெறும் கதவு எண் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாது. மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்துக் கோயில் அல்லது பெட்ரோல் பங்க் எல்லாவற்றையும் எழுதி போன் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

ஆயாம்மா: கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைப்பார். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்றுவார், ஏனென்றால் வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடித்த இடத்தைக் கீறவோ உறிஞ்சவோ யாரையும் விடக் கூடாது.

சிஸ்டர்: கை காலை அசையாமல் பலகை வைத்துக் கட்டுவார். வீட்டிலேயே இறுக்கிக் கயிறு கட்டி வந்திருந்தால், டாக்டர் சொல்லாமல் அவிழ்க்கக் கூடாது. திடீரென அவிழ்த்தால் விஷம் ஒரேயடியாகப் பரவலாம். இரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடம் பார்க்கும் பரிசோதனைக்குச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய்தான் வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது. ஆனால் இதற்காக ஆம்புலன்ஸைக் காக்க வைக்காதீர்கள். விஷமுறிவு மருந்து உங்களிடம் இல்லையென்றால், எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றை எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியோ தடமோ இல்லாமலே போகலாம். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலை வயிற்று வலி என்று வந்து, கண் இமையும் சொருகினால், அவரைக் கடைசி டோக்கனில் உட்கார வைத்துவிடக் கூடாது.

படி 3: டாக்டரின் கையெழுத்து

ஊசி ஒவ்வாமையில் மூச்சு திணறும்போது அட்ரினலின் தாமதிக்கக் கூடாது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில். எந்த அறிகுறி கண்டால், யார், எவ்வளவு போடலாம் என்பதை டாக்டர் எழுதிக் கையெழுத்திட்டு ஊசி டிரேயிலேயே வைக்க வேண்டும். போனில் டாக்டர் கிடைக்கவில்லை என்பதற்காக சிஸ்டர் கைகட்டி நிற்கும்படி ஆகக் கூடாது.

படி 4: பொருட்கள்

மருந்தின் காலாவதித் தேதி, தீயணைப்பான், இன்வெர்ட்டர் ஆகியவற்றை மாதம் ஒருமுறை பாருங்கள். 'பி' டைப் ஆக்ஸிஜன் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம்தான். சிலிண்டரைத் திறக்கும் சாவியைச் சிலிண்டரிலேயே கட்டித் தொங்க விடுங்கள்.

படி 5: செய்து பார்ப்பது

மொத்தப் பயிற்சியின் உயிரே இதுதான். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் அரை மணி நேரம் போதும். டாக்டர் வெளியே நிற்கட்டும், வாயே திறக்கக் கூடாது. ஊழியர் ஒருவர் மயங்கியவராகப் படுக்கட்டும், இன்னொருவர் போன் ஸ்டாப்வாட்சைப் பிடிக்கட்டும்.

"யாராச்சும் 108-க்குக் கூப்பிடுங்க" என்றால் எல்லோரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். "ஏனுங்கக்கா, நீங்க 108-க்குக் கூப்பிடுங்க, எடுத்ததும் எங்கிட்ட சொல்லுங்க" என்று ஆளைப் பார்த்துச் சொல்லிப் பழக வேண்டும். அவரும் "கூப்பிட்டாச்சுங்க, வண்டி கிளம்பிருச்சு" என்று சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். இது கூச்சமாகத்தான் இருக்கும், இரண்டு மூன்று முறை செய்தால் போய்விடும்.

நெஞ்சு அழுத்தும் பயிற்சியை உயிருள்ள ஆள் மேல் செய்யக் கூடாது. பொம்மை கிடைக்காவிட்டால் கெட்டியான தலையணையைத் தரையில் போட்டுப் பழகுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. நிஜ ஆளுக்கு 5 செ.மீ. ஆழம் இறங்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். ஆயாம்மாவும் வாட்ச்மேனும் கட்டாயம் அழுத்திப் பார்க்க வேண்டும்.

முடிந்ததும் உடனே உட்கார்ந்து பேசுங்கள். யார் தப்பு என்று கேட்காதீர்கள், எங்கே நேரம் போனது என்று கேளுங்கள். பெரும்பாலும் பூட்டிய அலமாரி, வழியை அடைத்த ஸ்கூட்டர், சார்ஜ் இல்லாத போன் மாதிரிச் சின்ன விஷயம்தான் வெளியே வரும். அதை அன்றைக்கே சரிசெய்துவிட்டு, அந்தப் பக்கத்தையும் திருத்துங்கள்.

மாதம் ஒரு ஒத்திகை என்று வைத்தால், நான்கு மாதத்தில் நான்கும் ஒரு சுற்று வந்துவிடும். இடையில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் வாரத்திலேயே 108 அழைப்பையும் சிலிண்டர் திறப்பதையும் செய்து காட்டச் சொல்லுங்கள்.